எலி தூங்குகிறது, ஹார்மோன் ஏறுகிறது

ஆய்வு மாணவியாக இருந்தபோது நடந்தது. பதற்றத்தைத் தணிக்கும் மருந்தான டயஸிபாம் போட்டால் எலிகளிடம் மன அழுத்த ஹார்மோன் குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. குறுகிய குழாய்க்குள் எலியை அரை மணி நேரம் அடைத்து வைத்தால் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியை உசுப்பும், ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். நமக்குக் கார்டிசால் எப்படியோ, எலிக்கு அது அப்படி. குறைந்த டோஸ் போட்ட எலிகளிடம் இந்த ஏற்றம் நன்றாகவே மட்டுப்பட்டது.

அப்புறம்தான் சிக்கல். அதிக டோஸ் போட்டு, குழாயில் அடைக்காமல் கூண்டிலேயே விட்டிருந்த எலிகள் தூங்கி வழிந்தன. ஆனால் மருந்தே போடாத எலிகளைவிட அவற்றின் ரத்தத்தில்தான் கார்டிகோஸ்டிரோன் அதிகம்! லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. திரும்பச் செய்தேன், அதே முடிவு. பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான் உயிர் வந்தது: டயஸிபாம் சேர்ந்த மருந்து வகையான பென்ஸோடயஸிபைன்கள் குறைந்த அளவில் அழுத்தத்தால் வரும் ஏற்றத்தைத் தணிக்கும், அளவு கூடினால், சும்மா இருக்கும் எலியிடமே ஹார்மோனை ஏற்றிவிடும்.

புதிதாக இதில் இறங்குபவர்களுக்கு: எலியைக் கையில் எடுத்ததுமே ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். அடிப்படை அளவு வேண்டுமென்றால் சுமார் 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிடுங்கள். ஊசி குத்துவதும் அழுத்தம்தான், அதனால் மருந்து கலக்காத கரைசல் போட்ட குழு ஒன்று கட்டாயம் வேண்டும். எலி இரவில் நடமாடும் பிராணி. விளக்கு அணையும் நேரத்தை ஒட்டி அளவு தானாகவே உச்சத்துக்குப் போகும். எல்லா நாளும் ஒரே நேரத்தில் எடுங்கள்.

மறுமொழி 1

எனக்கு இதே அதிர்ச்சியைக் கொடுத்தது பஸ்பிரோன். பதற்றத்துக்கான மருந்துதான், ஆனால் டயஸிபாம் போல, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் வழியாக வேலை செய்வதில்லை. செரட்டோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. எலிக்கு ஒரே ஒரு ஊசி போட்டாலே கார்டிகோஸ்டிரோன் ஏறியது. மருந்து பலிக்கவில்லை என்று எழுதியே விட்டேன். நல்லவேளை, வழிகாட்டி அந்த வரியை அடித்துவிட்டார்.

மறுமொழி 2

நான் கால்நடை மருத்துவர். வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்களுக்கு முன்பு அசிப்ரோமசின் என்ற அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்தோம். நாய் படுத்துவிடும், வீட்டாருக்கு நிம்மதி. ஆனால் அது உடலை அடக்குமே தவிர பயத்தைப் போக்காது. ஓட முடியாமல் பயந்துகொண்டே கிடந்த அந்த நாய்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. இப்போது அதை மட்டும் தனியாகக் கொடுப்பதே இல்லை.