மறு: ஓல்ட் வுட், நியூ வுட் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா செடியில் சில வகைகள் சென்ற ஆண்டுத் தண்டில் (ஓல்ட் வுட்) பூக்கும், சில அந்த ஆண்டுப் புதுத்தண்டில் (நியூ வுட்) பூக்கும் என்று ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்வார்கள். அதன் வளர்ப்புக் குறிப்பைத் தமிழில் எழுத, ஓல்ட் வுட்டுக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: பழந்தண்டு, முதுதண்டு, சென்ற பருவக் கிளை, முற்றிய கொம்பு. எல்லாமே ‘வுட்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தண்டுக்குப் பெயர் வைக்கின்றன. ஆனால் கத்தரியோடு செடி முன்னால் நிற்பவருக்குத் தண்டின் வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது? பூ ஏற்கெனவே உள்ளே உருவாகிவிட்டதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பெரிய இலை வகையை, அதாவது மேக்ரோஃபில்லாவை எடுத்துக்கொள்வோம். கோடை தணிந்து குளிர் தொடங்கும் சமயத்தில் அடுத்த ஆண்டின் பூவைக் கிளை நுனியில் அப்போதே கட்டிவிடும். அப்புறம் இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுக்க ஓய்வு. அந்த நேரத்தில் பருத்த நுனி மொட்டு ஒன்றைக் கிள்ளி, பிளேடால் நெடுக்காக வகிர்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மடித்த குட்டி இலைகளுக்கு நடுவே ரவையைக் குவித்தது போல வெளிர்பச்சையாக ஒரு கொத்து தெரியும். வசந்தத்தில் இந்த மொட்டுதான் நீண்டு, சில ஜோடி இலை விட்டு, உச்சியில் பூங்கொத்தை விரிக்கிறது. ஆக, பூ நிற்பது பச்சைத் தளிரின் நுனியில். ‘பழந்தண்டில் பூக்கும்’ என்று எழுதினால், “பச்சைத் தளிரில்தானே பூத்திருக்கிறது?” என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி.

பானிகுலேட்டா, ஆர்போரெசென்ஸ் என்ற மற்ற இரண்டு ஹைட்ரேஞ்சியா வகைகளும் வேறு மாதிரி. ஓய்வில் இருக்கும்போது அவற்றின் மொட்டுக்குள் பூ கிடையாது. வசந்தத்தில் தளிர் விட்டு, வளர்ந்து, அதே பருவத்தில் அரும்பு கட்டும். குளிர்காலக் கடைசியில் நன்றாகக் குறைத்து வெட்டினாலும் அந்த ஆண்டே பூத்துவிடும்.

இந்த இரண்டையும் பிரிப்பது ஓய்வுக்காலம். அதற்கு முன்னால் அரும்பு கட்டுவது ஒன்று, பின்னால் கட்டுவது ஒன்று. அதனால் என் பரிந்துரை:

முன்னரும்பு வகை – ஓல்ட் வுட்
பின்னரும்பு வகை – நியூ வுட்

இனி, முந்தைய மடல்களில் வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

> மொட்டு என்றே வைக்கலாமே? அரும்பு கொஞ்சம் இலக்கிய வாடை அடிக்கிறது.

தாவரவியல் பாடநூல்களில் இலைத்தளிர் வரும் இடத்துக்கும் மொட்டு என்றுதான் பெயர்: நுனி மொட்டு, கோண மொட்டு. இங்கே குழப்பமே அங்கேதான். எல்லாக் கிளையிலும் மொட்டு இருக்கும், எல்லா மொட்டிலும் பூ இருக்காது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களை அடுக்கும்போது முதலில் நிற்பதும் அரும்புதான். வாடை பற்றிக் கவலை வேண்டாம், ‘அரும்பு மீசை’ என்று எல்லாரும் பேசுகிறோமே.

> நியூ வுட்டுக்கு மறுதாம்பு பொருந்துமா?

நல்ல சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் கரும்பையோ நெல்லையோ அறுத்த பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுபடி வருவது மறுதாம்பு. பானிகுலேட்டாவை வெட்டாமல் விட்டாலும் புதுத்தளிரில்தான் பூக்கும். வெட்டு அங்கே கட்டாயமில்லை.

> இவ்வளவு நுணுக்கம் வீட்டுத் தோட்டக்காரருக்குத் தேவையா?

அவருக்குத்தான் முதலில் தேவை. மல்லிகையிலும் ரோஜாவிலும் கவாத்து செய்தால் புதுத்தளிர் வரும், தளிரில் பூ வரும். அந்தப் பழக்கத்தில் மேக்ரோஃபில்லாவையும் குளிர்காலத்தில் மொட்டையடித்துவிட்டு, அடுத்த கோடையில் வெறும் இலையைப் பார்த்து உரம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உரத்தில் தழைச்சத்து கூடினால் இலை இன்னும் செழிக்கும், அவ்வளவுதான். கத்தரியே படாத செடியும் பூக்காமல் போகலாம். கடும் உறைபனியில் தண்டு பிழைத்து, நுனி மொட்டு மட்டும் கருகிவிடுவது உண்டு. ‘பழந்தண்டு இருக்கிறதே, ஏன் பூக்கவில்லை?’ என்றால் பழந்தண்டு என்ற சொல்லிடம் பதில் இல்லை. முன்னரும்பு போய்விட்டது என்றால் விஷயம் முடிந்தது.

இரண்டு விதமாகவும் பூப்பவை ஒரு சிக்கல். 2004இல் விற்பனைக்கு வந்த எண்ட்லெஸ் சம்மர் என்ற ஹைட்ரேஞ்சியா ரகம் அப்படிப்பட்டது. இலக்கணப்படி ‘ஈரரும்பு’ என்று வர வேண்டும். காதில் விழும்போது நனைந்த அரும்பு மாதிரி இருக்கிறது! வேறு யாராவது யோசியுங்கள்.

— — —

ஐயா, வணக்கம்.

அரும்பை ஏற்கிறேன். முன், பின் இரண்டிலும் ஒரு தயக்கம். முன்பட்டம், பின்பட்டம் என்று விதைப்பில் சொல்லிப் பழகியவர்கள், முன்னரும்பு என்றால் சீக்கிரம் பூக்கும் ரகம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

— — —

எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். நல்லவேளையாக, பானிகுலேட்டா பெரும்பாலும் மேக்ரோஃபில்லாவுக்குப் பிறகுதான் பூக்கிறது, அதனால் ஹைட்ரேஞ்சியாவில் பெரிய சேதம் இல்லை. மற்ற செடிகளுக்கும் இதே சொல்லைக் கொண்டுபோனால் இடிக்கும் என்பது சரி. முதல் முறை வரும் இடத்தில் ‘ஓய்வுக்கு முன் அரும்புவது’ என்று விரித்து எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கமாக முன்னரும்பு என்று போடலாம். நம் சொற்பட்டியலுக்கான வரி இப்படி:

முன்னரும்பு வகை: ஓய்வுக்காலத்துக்கு முன்பே பூ அரும்பு கட்டும் செடி. எ–டு: மேக்ரோஃபில்லா, குவெர்சிஃபோலியா. கவாத்து தேவையென்றால் பூ வாடத் தொடங்கியதும் செய்க. வாடிய கொத்தை அதற்குக் கீழே உள்ள முதல் பருத்த மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுக.

அடுத்து மாப்ஹெட் (உருண்டையான பூங்கொத்து), லேஸ்கேப் (நடுவில் பொடிப்பூக்களும் ஓரத்தில் பெரிய பூக்களும் உள்ள தட்டையான கொத்து) இரண்டுக்கும் சொல் வேண்டும். இதழ் என்று நாம் எழுதிவரும் அந்த வண்ணப் பகுதி உண்மையில் புல்லி, அதாவது பூவின் வெளியுறை. லேஸ்கேப்பில் நடுவில் இருக்கும் பொடிப்பூக்கள்தான் விதை பிடிப்பவை. இதை மனதில் வைத்து அனுப்புங்கள்.