நீர்மட்டம் 42 அடி: ஆற்றோர மரங்களைத் திட்டத்திலிருந்து நீக்கலாமா?

ஓடைக்கரை:
கலிஃபோர்னியாவின் 2014 நிலத்தடி நீர்ச் சட்டப்படி தயாராகும் ஒரு நிலத்தடி நீர்ப் படுகைத் திட்டத்தில் வேலை செய்கிறேன். நிலத்தடி நீரை நம்பியிருக்கும் காடு, சதுப்பு எல்லாவற்றையும் அதில் அடையாளம் காட்டியாக வேண்டும். மாநில நீர்வளத் துறையின் தாவர வரைபடத்தில் ஆற்றோரமாகப் பள்ளத்தாக்கு ஓக், காட்டன்வுட் (பாப்லர் வகை) மரங்கள் இருக்கின்றன. பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் தரையிலிருந்து 42 அடி ஆழத்தில். 30 அடிக்குக் கீழே போனால் நீக்கிவிடலாம் என்கிறார்கள். சரிதானா?

வேரடி:
அவசரப்படாதீங்க. 30 அடிக்குள் தண்ணீர் இருந்தால் யோசிக்காமல் சேர்த்துக்கொள்ளலாம், அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் வேலை. பள்ளத்தாக்கு ஓக்கின் வேர் 80 அடி வரை இறங்கக்கூடியது.

முதலில் அந்தக் கிணறு எது என்று பாருங்கள். பாசன போர்வெல்லில் துளையிட்ட பைப் 300 அடியில்தான் தொடங்குகிறது என்றால், அது காட்டுவது களிமண் அடுக்குக்குக் கீழே உள்ள அழுத்த நீரின் மட்டம். மேலே மணலில் 12 அடியிலேயே வேறு தண்ணீர் நிற்கலாம். மரம் குடிப்பது அதைத்தான்.

இன்னொரு தப்பு எல்லோரும் செய்வது: கிணற்றுக்குக் கிணறு ஆழத்தை இணைத்து வரைபடம் போடுவது. கிணறு மேட்டில், ஆற்றங்கரை அதைவிட 25 அடி தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து உயரமாக மாற்றி, அதை இணைத்து, தரை உயரத்திலிருந்து கழித்தால் கரையில் 17 அடிதான் வரும். கிணறும் 5 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். ஒரே வருட அளவும் போதாது; 2012–16 வறட்சியில் எடுத்த எண்ணை மட்டும் வைத்து மரத்தை நீக்கினால் திட்டம் திரும்பி வரும்.

ஓடைக்கரை:
நன்றிங்க. செயற்கைக்கோள் படத்தில் தாவரங்களின் பசுமையைக் காட்டும் குறியீடு 2015க்குப் பிறகு குறையவில்லை. அதை வைத்து 'பாதிப்பில்லை' என்று எழுதலாமா?

மணற்கேணி:
கூடாது. காட்டன்வுட் பட்டுப்போன இடத்தில் அருண்டோ என்ற அந்நிய நாணல் புகுந்தால் படம் முன்பைவிடப் பச்சையாகத் தெரியும். வயலில் வழிந்த பாசன நீரும் அப்படியே. கோடைக் கடைசிப் படங்களை இன வாரியாகப் பிரித்துப் பாருங்கள், நேரில் போய்ச் சரிபாருங்கள்.

வேரடி:
அடையாளம் கண்ட பிறகு குறைந்தபட்ச வரம்பை (நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற அளவை) எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். வீட்டுக் கிணறு வற்றாத அளவுக்கு வைத்தால், அந்த வரம்பைத் தொடும் முன்பே கரையோர மரங்கள் செத்திருக்கும். மரத்தடியிலேயே ஆழமில்லாத கண்காணிப்புக் குழாய் இறக்கி, வரம்பை அதில் வையுங்கள். மணல் கரையில் வளர்ந்த காட்டன்வுட்டுக்கு நீர்மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கி அங்கேயே நின்றால் கிளை காயும். நாற்றின் வேர் ஒரு நாளுக்கு சுமார் 2.5 சென்டிமீட்டர் இறக்கத்தைத்தான் துரத்திப் பிடிக்கும்.

மணற்கேணி:
ஒரு சேர்க்கை. ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் போர்வெல்லின் இழுப்பு கரைக்கு வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும். செப்டம்பரில் மட்டம் விழுந்ததைப் பார்த்து மோட்டாரை நிறுத்தினால் அந்த வருடத்துக்குப் பயனில்லை. எச்சரிக்கை மட்டத்தை வசந்த கால அளவில் வைத்து, தூரத்துக் கிணறுகளை முதலில் குறையுங்கள்.

'மரங்கள் முன்பே வாடியவைதான்' என்று யாராவது வாதிட்டால், 2015 ஜனவரி 1க்கு முந்திய சேதத்துக்குத்தான் சட்டம் விலக்கு தருகிறது. அன்றைய நிலையைப் படத்தோடும் கிணற்று அளவோடும் ஆவணத்தில் சேர்த்துவிடுங்கள்.