மங்குக்கு எழுதிக்குடுத்த கிரீம், டாக்டர் சொன்ன நாள் முடிஞ்சுது, இன்னும் போடலாமா?

சேலத்து மல்லி:
தோழிகளே ஒரு டவுட். ரெண்டாவது பொண்ணு வயித்துல இருந்தப்போ கன்னத்துலயும் மூக்கு மேலயும் மங்கு வந்துச்சு, பொறந்ததும் போயிடும்னாங்க, அவ ஸ்கூலுக்கே போயிட்டா மங்கு மட்டும் அப்படியே இருக்கு. தோல் டாக்டர் ஒரு ட்யூப் எழுதிக்குடுத்தாரு, ராத்திரி மட்டும், ஆறு வாரம் போட்டுட்டு வந்து காட்டுங்கன்னாரு. நெஜமாவே நல்லா கேட்டுச்சு, பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. இப்ப திரும்ப போகணும்னா ஃபீஸு, பஸ்ஸு, அரை நாள் லீவு... மெடிக்கல்ல கேட்டா சீட்டே இல்லாம அதே ட்யூப எடுத்து குடுக்குறாங்க. என் நாத்தனார் இத வருஷக்கணக்கா ஃபேர்னஸ் கிரீம் மாதிரி போடுறாங்க. ஆனா எனக்கு லேசா எரியுது, மூஞ்சி கழுவினா செவக்குது. தொடரலாமா?

வெயில்கொடுமை:
சிஸ் மொதல்ல ட்யூப் பின்னாடி படிச்சு பாருங்க. ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெடினாயின் 0.025%, மொமெடாசோன் 0.1%னு மூணும் இருந்தா அது வெறும் கலர் கிரீம் இல்ல, மூணாவது இருக்கறது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன் நெறமி உண்டாகறத தடுக்கும், ட்ரெடினாயின் மேல்தோல வேகமா உதிர வைக்கும், அதனால வர்ற எரிச்சல அடக்கத்தான் ஸ்டீராய்டு. அமெரிக்கால இதே வகை கிரீமுக்கு 2002ல அனுமதி குடுத்தப்பவே எட்டு வாரத்துக்குன்னுதான் குடுத்தாங்க, அதுவும் அதுல இருக்கற ஸ்டீராய்டு மொமெடாசோன விட லேசானது. மாசக்கணக்கா போட்டா தோல் மெலிசாகும், ரத்தக்குழாய் செவப்பு கோடா தெரியும், பரு வரும், முடி மொளைக்கும், நிறுத்தினா மூஞ்சி பழிவாங்கற மாதிரி செவந்து எரியும். ஹைட்ரோகுயினோன ரொம்ப வருஷம் போட்டா சிலருக்கு நீலக்கருப்பா ஒரு படை வரும், அத போக்கறது மங்க விட கஷ்டம். உங்க நாத்தனார்கிட்ட சொல்லுங்க, சண்டை வராத மாதிரி :)

மருந்துக்கடை ஆள்:
சீட்டு இல்லாம குடுக்கறது தப்புங்க. மூஞ்சில போடற ஸ்டீராய்டு கிரீமெல்லாம் ஷெட்யூல் எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தாதான் விக்கணும், 2018லயே கவர்மெண்ட் இறுக்கி பிடிச்சாங்க, ஆனா எங்க தெருவுலயே எத்தனை கடைல சீட்டு கேக்கறாங்கன்னு எனக்கு தெரியும். காலேஜ் பசங்க வந்து வெள்ளையாகற ட்யூப் குடுங்கண்ணேன்னு கேக்கறாங்க, இல்லன்னா பக்கத்து கடைக்கு போறாங்க.
அப்புறம் மல்லிக்கா, மாசமா இருந்தாலோ அடுத்த புள்ளைக்கு பிளான் பண்ணினாலோ ட்ரெடினாயின் வேணாம், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அதுக்கு அஸெலாயிக் ஆசிட் மாதிரி வேற இருக்கு.

பாட்டிவைத்தியம்:
எதுக்குங்க இந்த கெமிக்கல், எலுமிச்சை சாறு தடவுங்க, எங்க வீட்ல எல்லாருக்கும் போச்சு.

வெயில்கொடுமை:
@பாட்டிவைத்தியம் அக்கா தயவுசெஞ்சு வேணாம், எலுமிச்சை சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா வெந்து இன்னும் கருக்கும்.

சேலத்து மல்லி:
பாத்தேன், மூணுமே இருக்கு. இன்னிக்கே நிறுத்திடவா? சன்ஸ்கிரீன் வெளிய போறப்போ மட்டும்தான் போடுவேன், நான் ஆபீஸ்ல ஜன்னலோரம் உக்காருறவ.

வெயில்கொடுமை:
உங்க மங்கு திரும்பி வந்தா அந்த ஜன்னலும் ஒரு காரணமா இருக்கலாம். கண்ணாடி வழியா வெயில்ல இருக்கற யூவிஏ கதிர் வரும், மங்குக்கு சாதாரண வெளிச்சமும் ஆகாது, அதனால அயர்ன் ஆக்ஸைடு கலந்த டின்டட் (தோல் கலர்ல இருக்கற) சன்ஸ்கிரீன் நல்லது, வெறும் வெள்ளை சன்ஸ்கிரீன் வெளிச்சத்த அவ்வளவா தடுக்காது. காலைல போட்டது சாயங்காலம் வரைக்கும் தாங்காது, மத்தியானம் ஒரு தடவ திரும்ப போடுங்க. இதுல காசு மிச்சம் புடிச்சா ட்யூபுக்கு குடுத்த காசு தண்டம். கிரீம, அவர் சொன்ன ஆறு வாரம் முடிஞ்சதால புது ட்யூப் வாங்காம நிறுத்திட்டு டாக்டருக்கு ஒரு போன் போடுங்க, செவக்குதுன்னு கண்டிப்பா சொல்லுங்க. ஆறு வாரத்துல நிறுத்தறதால பெருசா ஒண்ணும் ஆகாது, வருஷக்கணக்கா போடறவங்கதான் டாக்டர் பாத்து மெல்ல குறைக்கணும். மங்குக்கு டிரனெக்ஸாமிக் மாத்திரைன்னு யாராவது சொன்னா சொந்தமா வாங்காதீங்க, கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கும், ரத்தம் கட்டற பிரச்சனை இருக்கறவங்களுக்கும் அது ஆபத்து.

சேலத்து மல்லி:
சரி சிஸ், நாளைக்கு போன் பண்றேன். ஆபீஸ்ல உக்காருற எடத்த மாத்தி கேக்கணும், ஏசி அடிக்கற எடம் யாரும் விட்டு குடுக்க மாட்டாங்க 😅 நாத்தனாருக்கு இந்த த்ரெட் லிங்க் அனுப்பிட்டேன், இன்னும் ப்ளூ டிக் வரல.

மருந்துக்கடை ஆள்:
அவங்கள ட்யூப படக்குனு தூக்கி போடாம தோல் டாக்டர பாக்க சொல்லுங்க. ஃபீஸ் பிரச்சனைன்னா ஜிஹெச்ல தோல் ஓபி இருக்கு, காலைலயே போய் ஓபி சீட்டு வாங்கணும்.