ஓமந்தை – வவுனியா: நாள் முழுக்க ஓட்டம், என்ன செய்யலாம்?

ஓமந்தையான்:
வீடு ஓமந்தை, வேலை வவுனியா டவுனில. 8.30க்குக் கையெழுத்து வைக்கோணும். காலையில பஸ்ஸுக்கு ஓட்டம், பகல் முழுக்க வேலையில ஓட்டம், பின்னேரம் திரும்பப் பஸ்ஸுக்கு ஓட்டம். வேலையை விடுற யோசினை இல்லை. கொஞ்சம் ஆறுதலாய், என்ர வேகத்தில நாளைக் கொண்டுபோக வழி இருக்கோ? சைக்கிள் சரிவருமோ?

கணக்குப்பிள்ளை:
முதல் பஸ்ஸைப் பாருங்கோ. வழமையா இவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு சராசரியை வைச்சு வெளிக்கிட்டால், பாதி நாளைக்குப் பிந்தத்தான் செய்யும். ரெண்டு கிழமைக்கு ஏறின நேரம், இறங்கின நேரம் ரெண்டையும் போனில குறியுங்கோ. ஆகப் பிந்தின நாளிலயும் 8.15க்குள்ள இறக்கிவிடுற பஸ் எதுவோ, அதுதான் உங்கட பஸ். யாழ்ப்பாணம் – கொழும்பு பஸ்ஸுகளைக் கணக்கில எடுக்காதேங்கோ. எப்ப வரும், நிப்பாட்டுமோ எண்டு சொல்லேலாது.

வேலையிலயும் இதே கணக்குத்தான். எட்டு மணித்தியாலத்தையும் நிரப்பி வைச்சால், ஒராள் வந்து கால் மணித்தியாலம் மினக்கெடுத்தினாலே மிச்சமெல்லாம் தள்ளுப்பட்டுப் போகும். ஏழுக்கு மட்டும் திட்டம் போடுங்கோ. விடுற ஒண்டை 11 மணிக்கு அரை, 3 மணிக்கு அரை எண்டு பிரிச்சு வையுங்கோ. கடைசியில மொத்தமா வைச்சால் காலைப் பிந்தலைப் பிடிக்க உதவாது. வெளி வேலையை 1 மணிக்கு முந்தி முடியுங்கோ. 1.30க்குப் பள்ளிக்கூடம் விட்டால் சந்திகளில நகரேலாது. வங்கிக்கு 10ஆம் திகதி போகவே வேண்டாம், பென்சன் நாள்.

வட்ஸ்அப் குறூப்புகளை மியூட்டில போட்டு 10, 1, 4 மணிக்கு மட்டும் பாருங்கோ. அவசரமெண்டால் கோல் எடுக்கச் சொல்லி மேலதிகாரிக்கு முதலே சொல்லிவைக்கோணும். சொல்லாமல் செய்தால் பேச்சு விழும்.

செயின்கவர்:
சைக்கிள் சரிவரும். கிட்டத்தட்ட 15 கிலோமீற்றர், மணிக்கு 15 எண்டு மிதிச்சால் ஒரு மணித்தியாலம். அளவு இதுதான்: மிதிச்சுக்கொண்டே கதைக்க ஏலும், பாட ஏலாது. கதைக்கவும் மூச்சு வாங்கினால் குறையுங்கோ. சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கிற காலத்தில டவுன் பக்கம் போகேக்க எதிர்காத்து. அப்ப வேகத்தைப் பிடிக்கப் பாக்காதேங்கோ, காலில போடுற பலத்தை மாத்தாமல் கால் மணித்தியாலம் வெள்ளென வெளிக்கிடுங்கோ. எதிர்காத்தில வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் பாடு கனக்கக் கூடும். முழங்கால் முன்பக்கம் நோகிறதுக்குப் பெரும்பாலும் சீற் பதிஞ்சிருக்கிறதுதான் காரணம். பெடல் கீழ நிக்கேக்க குதிக்காலை வைச்சால் கால் நேரா வரோணும். அந்த உயரம் போதும். காத்தைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கோ, அளவு டயரின்ர பக்கத்தில அடிச்சிருக்கும்.

தாண்டிக்குளம்:
ஏ9இல தினமும் சைக்கிளோ? ஒண்டையொண்டு முந்துற பஸ்ஸுகளைப் பாத்தனீங்களே? ஓடுறதெண்டால் தார் விளிம்பில ஓடாதேங்கோ, அரை மீற்றர் உள்ளுக்கு ஓடுங்கோ. சில்லு கிரவலுக்க இறங்கினால் உடன ஹாண்டிலைத் திருப்ப வேண்டாம், விளிம்பு தடக்கி றோட்டுக்குள்ளதான் விழுத்தும். வேகத்தைக் குறைச்சு, விளிம்பைக் குறுக்கா வெட்டி ஏத்தோணும். கார்த்திகையில 6 மணிக்கு முந்தியே இருட்டும், பின்லைட் இல்லாமல் வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஒரு பஸ் முந்தி ஏறித் தாண்டிக்குளத்தில இறங்கி டவுனுக்கு நடக்கலாம். நிமிசத்துக்கு நூறு காலடி எண்டாலே நல்ல நடை, வேர்வையும் பெரிசா வராது. நடைபாதை இல்லாத இடத்தில வாகனம் எதிர வாற வலப்பக்கம் நடவுங்கோ.

ஓமந்தையான்:
பின்னேரமும் நடந்து வந்து தாண்டிக்குளத்தில ஏறலாமோ?

தாண்டிக்குளம்:
வேண்டாம். ஸ்ராண்டிலயே நிரம்பித்தான் வெளிக்கிடும், இஞ்ச நிப்பாட்ட மாட்டாங்கள். அங்கயே ஏறுங்கோ.