புதுப்பிப்பு: உப்புவெளியா, உவர்மலையா? முடிவெடுத்தாயிற்று

திருகோணமலையில் வாடகைக்கு விட வீடு வாங்கினால் மாதாமாதம் மிஞ்சும் காசைப் பார்ப்பதா, வீட்டில் நம் சொந்தப் பங்கு ஏறுவதைப் பார்ப்பதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடற்கரையோரம் உப்புவெளியில் ஒன்று, நகரத்துக்குள் உவர்மலையில் ஒன்று என்று இரண்டு வீடுகளைப் பார்த்திருந்தோம். உவர்மலை வீட்டை எடுத்துவிட்டோம்.

கடன் கணக்குத்தான் வழி காட்டியது. 50 இலட்சத்தை 12 வீத வட்டிக்கு 15 வருடத்துக்கு எடுத்தால் தவணை கிட்டத்தட்ட 60,000 ரூபாய். முதல் மாதம் அதில் 50,000 வட்டிக்கே போகும். நம் பங்காகச் சேர்வது 10,000 மட்டும். உவர்மலை வீட்டு வாடகையோ 45,000. ஆக, மாதம் 15,000 கையிலிருந்து போட்டுத்தான் அந்தப் பங்கை வாங்க வேண்டும். அதனால் மனைவியின் சேமிப்பையும் சேர்த்து, கடனை 30 இலட்சமாகக் குறைத்தோம். தவணை 36,000. மிஞ்சும் 9,000 தனிக் கணக்குக்குப் போகிறது. சோலை வரி (வீட்டு வரி), திருத்த வேலை, ஆளில்லாத மாதம் எல்லாம் அதிலிருந்துதான்.

உப்புவெளி வீடு மே முதல் செப்டெம்பர் வரை நன்றாக உழைக்கும். மாரி தொடங்கினால் வெளிநாட்டவர் தென்கரைக்குப் போய்விடுவார்கள். தவணை மட்டும் நிற்காது. அங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன், துரு செதில் செதிலாக உள்ளங்கையில் உதிர்ந்தது. கடற்காற்றுக்கு வருடா வருடம் செலவழிக்க வேண்டும்.

வட்டி பிறகு ஏறினால் என்ன செய்வது என்று கேட்ட அண்ணாவுக்கு: முதல் 5 வருடம் நிலையான வட்டி. அதை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது நினைவிருக்கும்தானே?

அப்புறம், குடிவந்தவர் இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர். அவர் தந்த முற்பணத்தைத் தொடாமல் நிலையான வைப்பில் போட்டிருக்கிறேன். அது அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு.