ஏழாவது குண்டு மட்டும் ஏன் விலகுது?

ஈயக்குண்டு:
4.5 மிமீ பி.சி.பி. (முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிச் சுடும் ஏர் ரைபிள்), பத்து அறையில் பத்துக் குண்டு போட்டுச் சுழலும் உருளை மேகசின். 25 மீட்டரில் ஒன்பது ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குது, ஒன்று மட்டும் இரண்டு விரல்கடை தள்ளி. அறை ஒன்றுக்கு நெயில் பாலிஷ் பொட்டு வைத்து எண்ணினால், விலகுவது எப்பவும் ஏழாவது அறைக் குண்டுதான். காற்றை முழுசா இறக்கி, அந்தக் குண்டை பேரலுக்குள் தள்ளி, மேகசினைக் கழற்றி, முன்வாய் வழியா கிளீனிங் ராடால் பின்னுக்குத் தள்ளி எடுத்தால், தலையின் ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தால் வழித்த மாதிரி ஈயம் போயிருக்கு.

பத்துமீட்டர்:
இதுக்குத்தான் மேகசினுக்குப் பதிலா ஒத்தை டிரே, ஒரு தடவைக்கு ஒரு குண்டு மட்டும் வைக்கிற தட்டு. ஒலிம்பிக் பத்து மீட்டர் ஏர் ரைபிள்ல 60 குண்டையும் ஒவ்வொண்ணா கையாலதான் போடணும். இலக்குல பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியே அரை மில்லிமீட்டர். அங்க யார் மேகசின் வச்சிருக்கா?

உருளை:
பத்துமீட்டர் சார், அங்கே விதியே ஒத்தைக் குண்டு. அது எதுக்கும் சாட்சியில்லை. டிரேயிலும் குண்டு குப்புற விழும், பாவாடை (குண்டின் விரிந்த பின்பகுதி) முன்னால் போகும். சாய்ந்து கிடந்தால், குண்டை பேரலுக்குள் தள்ளும் போல்ட்டின் முனை பாவாடையை நசுக்கும். அறையும் பேரல் வாயும் நேர்கோட்டில் நின்றால் மேகசின் குண்டும் அதே ஓட்டையில்தான் விழும். ஏழாவது அறை பேரலுக்கு நேரே வரும்போது உருளையைப் பிடித்து நிறுத்தும் பள்ளத்தில் பிசிறோ ஈயத்தூளோ இருக்கும், உருளை மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும். பல்குச்சியால் சுரண்டிப் பாருங்க.

சோதனைக்காரர்:
கேட்காமலே சொல்றேன். முதலில் பத்து மேகசினில், அப்புறம் பத்து டிரேயில் என்று சுட்டு ஒப்பிடாதீங்க. ரெகுலேட்டர் (ஒவ்வொரு சுடலுக்கும் ஒரே அழுத்தம் தரும் கருவி) இல்லாத துப்பாக்கியில் அழுத்தம் இறங்க இறங்க வேகம் மாறும், பழி மேகசின் தலையிலோ டிரே தலையிலோ விழும். ஒரே டப்பா குண்டு, மேகசினில் ஒன்று, டிரேயில் ஒன்று என மாற்றி மாற்றி, இரண்டு தனித்தனி தாளில். பத்து மீட்டரில் வித்தியாசம் தெரியாது, 25க்குக் குறையாம வைங்க. கனமான நீளக் குண்டு போடுறவங்க மேகசின் தடிமனையும் பாருங்க. தலை வெளியே நீட்டினால் உருளை சுற்றும்போதே உரசும். இன்னொண்ணு, சுடாமல் போல்ட்டை இரண்டாம் முறை இழுத்தா பேரலில் இரண்டு குண்டு. டிரேயிலும் மறதியில் நடக்கும், ஆனா மேகசினில் கை பழக்கத்துக்கே நடந்துடும்.

ஈயக்குண்டு:
பள்ளத்தில் தூள் இல்லை, சின்னப் பிசிறுதான். 1000 நம்பர் உப்புத்தாளை மடித்து இரண்டே இழுப்பு. பத்தில் பத்தும் நாணயத்துக்குள்ள.

பத்துமீட்டர்:
டிரேன்னா இந்த உப்புத்தாளே வேண்டியதில்லையே.