ஃபயர் ரோட்டுல ஓட்டுறது மவுண்டன் பைக்கிங் இல்லையாம்!

பழையடயர்: நேத்து நம்ம சிங்கம் எழுதினது: "மிஷன் பீக் ஃபயர் ரோட்டுல சைக்கிள் ஓட்டுறது வாக்கிங்குக்கு ஒண்ணுவிட்ட தம்பி." தம்பி, ஃபயர் ரோடுன்னா காட்டுத்தீ அணைக்கிற வண்டி போறதுக்குப் போட்ட மண் ரோடு. கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல இருக்கிற இந்த மலைக்கு ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ கேட்லேர்ந்து உச்சி சுமார் 3 மைல், ஏத்தம் 2,000 அடிக்கு மேல. நடுவழியில மாடு நிக்கும். அதுக்காகக் கால ஊனினா போச்சு, பின் சக்கரம் சரளையில சும்மா சுத்தும், திரும்ப ஏற முடியாது. ஒரு தடவை வந்து பாருங்க.

சிங்கிள்ட்ராக்_சிங்கம்: ஜீப் போற அகலத்துக்கு ரோடு. மாடே ஏறுது. அதுல என்ன சார் சாகசம்?

பழையடயர்: இந்த விளையாட்டு பிறந்ததே ஃபயர் ரோட்டுலதான். அதே கலிஃபோர்னியாவுல மரின் கவுண்டி, ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பக்கம், காஸ்கேட் கேன்யன். 1976 அக்டோபர்ல முதல் ரீபேக் பந்தயம். ரெண்டு மைல் சொச்சத்துல 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால மிதிச்சாப் பிடிக்கிற பிரேக். கீழ வர்றதுக்குள்ள சக்கர நடுவுல ஹப்புல இருக்கிற கிரீஸ் புகையாப் போயிடும். திரும்ப கிரீஸ் அடைக்கணும், அதான் ரீபேக்னு பேரு.

சிங்கிள்ட்ராக்_சிங்கம்: நல்லது. மேல எப்படிப் போனாங்க? பிக்கப் ட்ரக்ல சைக்கிளை ஏத்திக்கிட்டு. அதை மட்டும் முழுங்கிட்டீங்களே.

பழையடயர்: தள்ளிக்கிட்டும் போயிருக்காங்க! சைக்கிளா அது? பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிள், இரும்புக் கட்டில் கனம். அந்தப் பந்தயத்துல ஓட்டின கேரி ஃபிஷர் அதுல கியர் மாட்டினது எதுக்கு, அழகுக்கா? ஏறத்தான்.

சிங்கிள்ட்ராக்_சிங்கம்: ட்ரக் இருந்துச்சா இல்லையா?

மாமி_ஆன்_வீல்ஸ்: ரெண்டு பேரும் சண்டை போடுங்கோ, ஆனா இறங்கறச்சே பெல் அடிங்கோ. மிஷன் பீக்ல மணிக்கு 15 மைல்தான் லிமிட். போன வாரம் ஒரு மஹானுபாவன் வளைவுல என் காதோரம் உரசிண்டு போனான். கையில இருந்த தண்ணி பாட்டில் உருண்டு மாட்டுச் சாணியில விழுந்தது.

பேட்டரி_பாண்டி: நான் இ-பைக்ல ஏறுறேன். அது எந்தக் கணக்குல வரும்?

சிங்கிள்ட்ராக்_சிங்கம்: ட்ரக் கணக்குல.

பழையடயர்: பாண்டி, நீங்க பேசவே கூடாது. போன தீபாவளி ரைடுல என் தரைப் பம்பை வாங்கிட்டுப் போனீங்க. இன்னும் வரலை.

பேட்டரி_பாண்டி: அண்ணே, அது அன்னைக்கே உங்க டிக்கியில வெச்சாச்சு.

பழையடயர்: என் டிக்கியில இருக்கிறது ஓட்டைப் பம்ப். சிங்கம், ரீபேக் ரெக்கார்டு 4 நிமிஷம் 22 செகண்டு, அதுவும் ஃபிஷர்தான். அதே ஃபயர் ரோட்டுல உங்க ஆறாயிரம் டாலர் ஃபுல் சஸ்பென்ஷன் (ரெண்டு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வெச்ச) சைக்கிளை எடுத்துட்டு வந்து இறங்கிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.

சிங்கிள்ட்ராக்_சிங்கம்: இறங்குறேன் சார். மேல எப்படிப் போறது, ட்ரக் அனுப்புவீங்களா?

மாமி_ஆன்_வீல்ஸ்: ஞாயித்துக்கிழமை மிஷன் பீக்குக்கு சீக்கிரமே வந்தாத்தான் பார்க்கிங். யார் வரேள்?

பழையடயர்: நான் வரேன். மலையடிவாரத்துக்கே கார்ல வர்ற ஆளு ட்ரக்கைப் பத்திப் பேசுறாரு! நான் வீட்டுலேர்ந்தே மிதிச்சு வர்றவன். பாண்டி, பம்ப்.

பேட்டரி_பாண்டி: டிக்கியைப் பாருங்கண்ணே.